திரும்பி வந்த குடமும் திரும்பாத பாட்டிலும்



நம் கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டை என்றாவது புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி எண், கூரியர், வேலைக்கு வருபவர்கள் என்ற பத்திகளுக்கு நடுவே 'கேன்' என்று ஒரு பத்தி இருக்கிறது. சென்ற மூன்று மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நம்முடைய 84 வீடுகளுக்கும் சேர்த்து வாரத்துக்குச் சராசரியாக 190 கேன் வருகிறது. ஆண்டுக்கு 9,880. கேன் 40 ரூபாய் என்று வைத்தால், கிட்டத்தட்ட 4 லட்சம் ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். நம் லிஃப்ட் ஆண்டுக்கு ஏறக்குறைய 197 டன் குடிநீரை மேலே தூக்குகிறது. அது அடிக்கடி மக்கர் பண்ணுவதில் ஆச்சரியம் இல்லை.

வரும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வருவது உங்களுக்குத் தெரியும். ஒன்று, நம் ஹாலில் நடக்கும் விசேஷங்களில் 200 மில்லி குட்டித் தண்ணீர் பாட்டிலை நிறுத்துவது. மற்றொன்று, கேனைக் குறைத்து, தரைத்தளத்தில் பொதுவான ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வைப்பது. வாட்ஸப்பில் இதைப் பற்றி ஓடிய விவாதத்தில் 'கண்ணாடிதான் நல்லது', 'கேன்தான் மோசம்', 'அந்தக் காலத்தில் பித்தளைக் குடம்' என்று ஆளுக்கொன்று சொன்னோம். ஓட்டுப் போடுவதற்கு முன்னால், சென்னையில் குடிநீர் எந்தெந்தப் பாத்திரத்தில் வந்தது, அந்தப் பாத்திரங்கள் பிறகு என்ன ஆயின என்று பார்த்துவிடலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கதை ஏழுகிணற்றில் தொடங்குகிறது. ஜார்ஜ் டவுனில் இன்றும் அந்தப் பெயரில் தெரு இருக்கிறது. கோட்டைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பதற்காக 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டம் அது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அப்படித் தண்ணீர் கிடைத்தது. ஊரிலிருந்த மற்றவர்களுக்குக் கிணறும் குளமும்தான். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1872இல், செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வந்து, அங்கிருந்து குழாயில் ஊருக்குள் போனது. ஆனால் அது வடிகட்டாத ஏரித் தண்ணீர். மணல் வடிகட்டிகளோடு கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் 1914இல்தான் வந்தது. அதைக் கட்டிய பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி. மழை பெய்தால் தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போன தி.நகர் மேட்லி சுரங்கப்பாதையைக் கடக்கும்போது, அது ஒரு தண்ணீர்க்காரரின் பெயர் என்பது நினைவுக்கு வந்தால் கொஞ்சம் சிரிக்கலாம்.

அந்தக் காலம் முழுவதும் தண்ணீரை எடுத்துவரும் பாத்திரம் வீட்டுக்குச் சொந்தமானது. மண்பானை, செப்புக்குடம், பித்தளைக் குடம், பிறகு எவர்சில்வர் குடம். உடைந்தால் மண்ணோடு போகும் அல்லது பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கலாம். நசுங்கினால் தட்டி நிமிர்த்த ஆள் வருவார், ஈயம் பூச ஆள் வருவார். பேக்கேஜிங் என்ற எண்ணமே இல்லை.

காசு கொடுத்துக் குடிக்கும் பானத்துக்கும் அன்று அதே முறைதான். கோலி சோடா பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைக்கும் அந்த பாட்டிலுக்கு ஆங்கிலேயரான ஹைரம் காட் காப்புரிமை பெற்றதும் இதே 1872இல்தான். செங்குன்றம் தண்ணீரும் கோலி சோடாவும் ஒரே வயது! அந்த பாட்டிலைக் கடையிலேயே நின்று குடித்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போனால் கடைக்காரர் விடமாட்டார். கனமான கண்ணாடி, ஆனால் ஆண்டுக்கணக்கில் கம்பெனிக்கும் கடைக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும். இந்தப் 'போய் வருதல்' என்ற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து பிளாஸ்டிக் குடம். இதைத் திட்டிப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் அதைச் சுமந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என் மாமியார் புரசைவாக்கத்தில் குடியிருந்தபோது, தெருக்குழாயிலிருந்து இரண்டு மாடி ஏறித் தண்ணீர் கொண்டுவந்தவர். பித்தளைக் குடத்தின் எடை மட்டும் மூன்று, நான்கு கிலோ. அதற்குமேல் தண்ணீரின் எடை. பிளாஸ்டிக் குடம் வந்த நாளை அவர் பண்டிகை போலச் சொல்வார். மழை பொய்த்த 1993லும் பிறகு 2003, 2004லும் மெட்ரோ வாட்டர் லாரிக்காகத் தெருவில் வரிசையாக நின்ற பச்சை, நீலம், ஆரஞ்சுக் குடங்கள்தான் உலகப் பத்திரிகைகளில் சென்னையின் அடையாளமாக வந்தன. ஒரு குடம் பல வருஷம் உழைத்தது. ஓட்டை விழுந்தால் அதில் செடி வைத்தார்கள். பிளாஸ்டிக்தான், ஆனாலும் அது குப்பைக்குப் போக வெகுநாள் ஆனது.

பாட்டில் தண்ணீரின் கதை வேறு. இத்தாலியப் பெயர் கொண்ட பிஸ்லெரி 1965இல் பம்பாயில் விற்பனைக்கு வந்தபோது கண்ணாடி பாட்டிலில்தான் வந்தது. பெரிய ஓட்டல்களில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள். 'தண்ணியைப் போய் காசு கொடுத்து வாங்குவானா' என்று நம் ஊர் சிரித்த காலம். 1969இல் பார்லே அந்தக் கம்பெனியை வாங்கியது. அதற்குப் பிறகுதான் கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது. இன்று நாம் கையில் பிடிக்கும் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் வேலை பார்த்த நத்தேனியல் வையத். ஆண்டு 1973. சோடாவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், உடையக் கூடாது, எடை இருக்கக் கூடாது என்று அவர் தேடியது கிடைத்துவிட்டது. கண்ணாடி கனம் என்பதால் திருப்பி வாங்கிக் கழுவி நிரப்பினால்தான் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும். பெட் இலேசு, மலிவு. அதைத் திருப்பி வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பாத்திரம் இலேசானதும் திரும்பி வருவது நின்றது.

அதைவிட இலேசானது தண்ணீர் பாக்கெட். பஸ் ஸ்டாண்டிலும் கோவில் திருவிழாவிலும் டாஸ்மாக் வாசலிலும் பல்லால் கடித்து உறிஞ்சிவிட்டுத் தூக்கிப் போட்டது நினைவிருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிராம் பிளாஸ்டிக் என்று மட்டும் பார்த்தால், பாக்கெட் பாட்டிலைத் தோற்கடித்துவிடும். மெல்லிய உறைதானே. தராசு மட்டும் போதும் என்றால் பாக்கெட்டுக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும். ஆனால் பழைய பேப்பர் கடையில் பெட் பாட்டிலுக்கு விலை உண்டு, அதனால் அதைப் பொறுக்க ஆள் உண்டு. ஈரமும் மண்ணும் ஒட்டிய பாக்கெட் உறையைக் குனிந்து எடுக்க யாருக்கும் லாபம் இல்லை. அது மழைநீர் வடிகாலுக்குப் போனது, மாட்டின் வயிற்றுக்குப் போனது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில் தண்ணீர் பாக்கெட்டும் இருந்தது இதனால்தான். பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது கேன். 20 லிட்டர் 'பபிள் டாப்' கேன் முதலில் ஆபீஸ்களுக்கு வந்து, பிறகு வீடுகளுக்குள் நுழைந்தது. பாட்டிலில் அடைத்த குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2001இல் கட்டாயமானது. புறநகர்களில் நூற்றுக்கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. 'குட்டி யானை' வண்டி கேன் அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக வர ஆரம்பித்தது. புதிதாகக் கட்டிய அடுக்ககங்களில் குடிநீர்க் குழாய் வருமுன்பே கேன் வந்துவிட்டது. நாம் குடியேறியபோது நமக்கும் அப்படித்தானே?

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அந்த மாதங்களில் கேன் கிடைக்காமல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும், உரிமம் இல்லாமல் நிலத்தடி நீரை எடுத்த கம்பெனிகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேனுக்குள் இருப்பது எங்கோ ஒரு கிராமத்து நிலத்தடி நீர் என்பதை அப்போதுதான் நம்மில் பலர் யோசித்தோம்.

இப்போது பழையதை விட்டு, கணக்குக்கு வருவோம். ஒரு பொருளைப் பிறப்பிலிருந்து குப்பை வரை பின்தொடர்ந்து அதன் சுற்றுச்சூழல் செலவைக் கணக்கிடும் முறையை வாழ்நாள் மதிப்பீடு என்கிறார்கள். அந்த முறையே பானம் அடைக்கும் பாத்திரத்திலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1969இல் அமெரிக்காவில் கோகோ கோலா கம்பெனி, கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று முடிவு செய்வதற்காக ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திடம் கொடுத்த வேலைதான் இதன் தொடக்கங்களில் ஒன்று. அதன்பின் குடிநீரை வைத்தே பல மதிப்பீடுகள் வந்தன. 2009இல் கலிபோர்னியாவின் பசிபிக் இன்ஸ்டிடியூட், பாட்டில் தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரைவிட 2,000 மடங்கு வரை கூடுதல் ஆற்றல் ஆகலாம் என்று கணக்கிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் நடத்திய மதிப்பீட்டில், பாட்டிலை மறுசுழற்சிக்குக் கொடுப்பதைவிட, குழாய்த் தண்ணீரைக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்தில் குடிப்பதே மேல் என்று தெரிந்தது. 2021இல் பார்சிலோனா நகரத்தை வைத்து வந்த ஆய்வு, உயிர்ச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பு பாட்டில் தண்ணீரில் 1,400 மடங்கு அதிகம் என்றது.

ஆனால் இவை எல்லாம் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கும் ஊர்கள். நம் சம்ப்பில் மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், சில மாதங்களில் போர் தண்ணீர் மூன்றும் கலக்கின்றன. எனவே நம் வீட்டுக் கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது. சமையலறைத் தராசில் காலி பாட்டில்களை நிறுத்துப் பார்த்தேன். தோராயக் கணக்குதான், பொறியாளர்கள் மன்னிக்கவும்.

ஒரு லிட்டர் பாட்டில் 22 கிராம் இருந்தது. ஒரு கிலோ பெட் தயாரிக்க 2 முதல் 3 கிலோ வரை கரியமில வாயு வெளியாகும். ஆக, தண்ணீரையும் வண்டியையும் சேர்க்காமல், பாட்டிலுக்கு மட்டும் 45 முதல் 65 கிராம். 200 மில்லி குட்டி பாட்டில் 10 கிராம் இருந்தது. ஒரு லிட்டருக்கு ஐந்து பாட்டில், 50 கிராம் பிளாஸ்டிக். பாதிப்பு அப்படியே இரண்டு மடங்குக்கு மேல்.

காலி கேன் 700 கிராம். ஐம்பது முறை நிரம்பி வந்தால் 1,000 லிட்டர் சுமந்திருக்கும். லிட்டருக்கு முக்கால் கிராமுக்கும் குறைவான பிளாஸ்டிக். குட்டி யானை ஒரு நடைக்கு 45 கேன், அதாவது 900 லிட்டர் ஏற்றி, ஒரு லிட்டர் டீசல் எரிக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கரியமில வாயு, ஆக ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம். கேனின் பிளாஸ்டிக்கையும் கழுவும் செலவையும் தாராளமாகச் சேர்த்தாலும் 10 கிராமுக்குள் முடிந்துவிடும். கேன் இவ்வளவு நல்ல பிள்ளையா என்று எனக்கே ஆச்சரியம். காரணம் ஒன்றுதான். கோலி சோடா பாட்டிலைப் போல அது திரும்பிப் போகிறது.

கேனின் குறை இந்தக் கணக்கில் வராத இடத்தில் இருக்கிறது. கம்பெனியின் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீர், வற்றும் நிலத்தடி, அது போக பாத்திரத்தின் சுத்தம். பாலிகார்பனேட் கேன் வெயிலிலும் தேய்மானத்திலும் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருளைக் கசியவிடும். குழந்தைகளின் பால் பாட்டிலில் இந்தப் பிளாஸ்டிக் நம் நாட்டில் கூடாது என்று விதியே இருக்கிறது. ஐம்பது முறை வருவது சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் கீறலும் மங்கலுமான கேனை ஐம்பத்தோராவது முறை வாங்குவது நமக்கு நல்லதில்லை. கேட்டில் வெயிலில் கேனை இறக்கி வைப்பதை இன்றே நிறுத்தலாம். அதற்குத் தீர்மானம் தேவையில்லை, கேன் போடும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

குழாய்த் தண்ணீரும் சும்மா வருவதில்லை. நம் பக்கம் வரும் தண்ணீரில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிய பங்கும் உண்டு. 2013இல் தொடங்கிய நிலையம் அது. கடல்நீரை மாற்ற ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் ஆகும். லிட்டருக்கு ஏறக்குறைய 3 கிராம். இதை நம் சமையலறை ஆர்.ஓ.வில் விட்டால், ஒரு லிட்டர் குடிநீருக்காக மூன்று லிட்டர் வரை வெளியே போகிறது. கடலிலிருந்து உப்பை நீக்கிக் கொண்டுவந்த தண்ணீரை மறுபடியும் உப்பு நீக்கி, முக்கால்வாசியைச் சாக்கடையில் விடுகிறோம்! கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. வேண்டியதில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் சொன்னதும் இந்த வீண் செலவை நினைத்துத்தான். கிருமிக்கு வடிகட்டியும் புற ஊதா விளக்கும் போதும்.

என் தலையில் விழுந்த குட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருஷமாகக் கேஸில் கொதிக்க வைத்து ஆறிய நீர்தான் குடிக்கிறேன், அதில் ஒரு பெருமையும் உண்டு. கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 10 கிராம் கேஸ், அதிலிருந்து 30 கிராம் கரியமில வாயு. கேனைவிட மூன்று மடங்கு. காய்ச்சல் நேரத்தில் கொதிக்க வைப்பதை நான் விடப்போவதில்லை, ஆனால் இனி கேன் வாங்குபவர்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்க மாட்டேன்.

இனித் தீர்மானங்கள். போன மாதம் நம் ஹாலில் நடந்த ஒரு வளைகாப்பில் 300 குட்டி பாட்டில் வாங்கியிருந்தார்கள். மொத்தம் 60 லிட்டர் தண்ணீர், அதாவது மூன்றே மூன்று கேன். அதற்கு மூன்று கிலோ பிளாஸ்டிக். மறுநாள் காலையில் துப்புரவு அம்மா இரண்டு மூட்டை கட்டினார். பாதி பாட்டில்களில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டிவிட்டுத்தான் பழைய பேப்பர் கடைக்காரர் எடுப்பாராம். அந்த மூன்று கேனை ஸ்டாண்டில் வைத்து, பக்கத்தில் நம் சங்கத்தின் எவர்சில்வர் டம்ளர்களை வைத்திருந்தால் முடிந்திருக்கும். 150 டம்ளர் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கிறது. கழுவ ஆள் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது, அதை ஹால் வாடகையில் சேர்த்துவிடலாம் என்பது என் யோசனை.

இரண்டாவது தீர்மானத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. பொது இயந்திரம் வந்தால் நீங்களும் நானும் மறுபடியும் வீட்டுப் பாத்திரத்தோடு கீழே இறங்கிப் பிடித்து வர வேண்டும். குடம் திரும்புகிறது என்று எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நான்காவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு யார் தூக்கி வருவது? அதோடு எந்த இயந்திரம் என்பதை சம்ப் தண்ணீரின் டி.டி.எஸ். தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது பார்த்த சோதனையில் 500க்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் இது மழைக்குப் பிந்தைய மாதம். லாரித் தண்ணீர் ஓடும் மே மாதத்தில் இன்னொரு முறை சோதித்துப் பார்க்காமல் ஆர்.ஓ. வாங்குவதும் வாங்காமல் விடுவதும் இரண்டுமே குருட்டு யோசனை. அதனால் பொதுக்குழுவில் முதல் தீர்மானத்துக்கு இரண்டு கையையும் தூக்குவேன். இரண்டாவதை ஜூன் வரை தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் வாட்ஸப்பில் வேண்டாம், பொதுக்குழுவுக்கு வந்து சொல்லுங்கள். தண்ணீர் அங்கே டம்ளரில் இருக்கும்.